பழைய பாட்டா, புதுப் பாட்டா? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் திருவிழா, கல்யாண விருந்து, பொங்கல் கலைநிகழ்ச்சி என்று எதற்கு ஒலிபெருக்கி கட்டினாலும் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள இந்த ஊரில் ஒரு வாக்குவாதம் தப்பாமல் வரும்: "அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி இப்போ வருதா?" தோட்டத்து லயத்திலிருந்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த பெரியவர்கள் ஒரு பக்கம், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மறுபக்கம். மேடைக்குப் பின்னால் வந்து கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்திருக்கிறோம். இதில் உள்ள சோதனைகளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எது உயர்ந்தது?

மெட்டு, இடையிசை, வாத்தியக்காரர்களின் கைத்திறன் என்ற மூன்றிலும் 1960 முதல் 1990 வரை வந்த தமிழ் சினிமாப் பாட்டு முந்தி நிற்கிறது. தாளக்கட்டிலும் பேஸிலும் பதிவின் துல்லியத்திலும் இன்றைய பாட்டு முந்துகிறது. வரிகளில் இரண்டு பக்கமும் நல்லதும் உண்டு, பதரும் உண்டு. மலேசியத் தமிழரின் சொந்தப் பாட்டு என்று கேட்டால் இன்றைய காலத்துக்கே எங்கள் ஓட்டு.

ஆனால் இங்கே நடக்கும் சண்டை பெரும்பாலும் பாட்டைப் பற்றியதே இல்லை. ஸ்பீக்கர், பதிவு, ஞாபகம் மூன்றும் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிடுகின்றன. முதலில் அவற்றைப் பிரித்து எடுக்க வேண்டும்.

'பழைய பாட்டு' என்றால் எந்த வருடம் வரை?

எழுபது வயதுக்காரருக்கு விஸ்வநாதன்–ராமமூர்த்தியும் கே.வி.மகாதேவனும். ஐம்பதைத் தாண்டியவருக்கு 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா. நாற்பதை நெருங்குகிறவருக்கு 1992-ல் 'ரோஜா'வோடு வந்த ரகுமான். இருபது வயதுப் பையனுக்கு 2010-ல் வந்த பாட்டே பழசு. வாதம் தொடங்குமுன் 1955–75, 1976–91, 1992–2009, 2010-க்குப் பின் என்று நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். இருவரும் 'பழசு' என்று வேறு வேறு காலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது தெரியவரும்.

ரேடியோவில் வரும் பழைய பாட்டு எல்லாமே நன்றாகத்தானே இருக்கிறது?

அவை அறுபது வருடச் சல்லடையில் மிஞ்சியவை. மலேசியத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்மில் இன்று கேட்கும் 1960-களின் பாட்டு, அன்று வெளிவந்ததில் சிறு பங்குதான். அந்தக் காலத்துப் படங்களில் எட்டு, பத்துப் பாட்டு இருப்பது வழக்கம். 1940-களில் சில படங்களில் 20-க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவற்றை இன்று யாரும் முணுமுணுப்பதில்லை. புதுப் பாட்டுக்கோ இன்னும் சலிப்பு நடக்கவில்லை; நல்லதும் கெட்டதும் ஒன்றாகவே காதில் விழுகின்றன.

சோதிக்க வேண்டுமா? ஏதாவது ஒரு வருடத்தை எடுங்கள், 1964 என்று வையுங்கள். அந்த வருடம் வந்த தமிழ்ப் படங்களின் பட்டியலை அகரவரிசையில் எடுத்து முதல் ஐந்து படங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்த படத்தைத் தேடிப் பிடிக்கக் கூடாது; சோதனை கெடுவது அங்கேதான். ஐந்து படங்களின் எல்லாப் பாட்டுகளையும் முழுதாகக் கேட்டு, மறுபடி கேட்கத் தோன்றுவதற்கு மட்டும் குறி போடுங்கள். பிறகு கடந்த வருடத்துக்கும் இதையே செய்யுங்கள். இப்படி எண்ணிப் பார்த்தாலும் பழைய பக்கம் முந்தலாம், ஆனால் வாதத்தில் சொல்கிற அளவு தூரத்தில் இராது.

கோயில் கூம்பு ஸ்பீக்கரில் பழைய பாட்டு கணீரென்று கேட்கிறது, புதுப் பாட்டு ஏன் கரகரக்கிறது?

'அந்தக் காலத்துப் பாட்டே தனி' என்ற எண்ணம் இந்த ஊரில் வேரூன்றியதற்கு இது பெரிய காரணம்.

கூம்பு ஸ்பீக்கர் குரலுக்காகச் செய்த கருவி. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸில் தொடங்கி 5,000, 6,000 ஹெர்ட்ஸ் வரைதான் அது உருப்படியாகப் பாடும். 1970-களின் நடுப்பகுதி வரை வந்த பாட்டின் உயிர் முழுவதும் அந்த எல்லைக்குள் இருக்கிறது: பாடகர் குரல், வயலின் கூட்டம், புல்லாங்குழல், தபேலாவின் வலது கை. இன்றைய பாட்டின் உயிரோ 40 முதல் 80 ஹெர்ட்ஸில் அடிக்கும் பேஸிலும் 8,000-க்கு மேல் சலசலக்கும் ஓசையிலும் இருக்கிறது. கூம்பு அந்த இரண்டையும் வெட்டிவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் வெளியே தள்ளுகிறது.

வெட்டப்பட்ட பேஸ் சும்மா போவதில்லை. கூம்பின் எல்லைக்குக் கீழே உள்ள ஒலியில் உள்ளேயிருக்கும் தகடு பிடிமானம் இல்லாமல் அதிகமாக ஆடும். நீண்ட வயர் இழுக்கும் 100 வோல்ட் முறையில் கட்டியிருந்தால் டிரான்ஸ்பார்மரும் அந்தத் தாழ்ந்த ஒலியில் திணறும். கரகரப்பு அங்கிருந்து வருகிறது. இரண்டு மணி நேரம் இப்படி ஓட்டினால் தகட்டின் கம்பிச்சுருள் கருகலாம்.

சரிசெய்ய: கூம்பு மட்டும் இருந்தால் மிக்சரிலோ ஈக்வலைசரிலோ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுதாக வெட்டிவிடுங்கள். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபெல் குறையுங்கள். காதைக் குத்தும் பகுதி அதுதான். ஒவ்வொரு கூம்பும் எத்தனை வாட்டில் கட்டியிருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். 30 வாட்டில் நான்கு கூம்பு என்றால் 120 வாட். அதற்கு 150 வாட் ஆம்பாவது வேண்டும். ஆம்பின் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 100 வோல்ட் வயரில் 8 ஓம் கூம்பை நேராகச் செருகிவிடாதீர்கள். ஆம்பும் போகும், கூம்பும் போகும். புதுப் பாட்டுதான் வேண்டும் என்று இளைஞர் அணி அடம்பிடித்தால், மேடைப் பக்கம் 18 அங்குல பேஸ் பெட்டி இரண்டு வைத்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை அதற்கு அனுப்புங்கள். கூம்பு மட்டும் வைத்து அந்தப் பாட்டைப் போடுவது பாட்டுக்கும் அநியாயம், அண்டை வீட்டாருக்கும் அநியாயம்.

பாட்டில் குரலே காணோம், இசை மட்டும் வருகிறது. பதிவு கெட்டதா?

இல்லை, வயர் தப்பு. போனிலிருந்து வரும் ஸ்டீரியோ பிளக்கை மிக்சரின் ஒற்றை லைன் வாயில் செருகியிருப்பார்கள். மூன்று தொடுபகுதி உள்ள பிளக்கை அந்த வாய் 'பேலன்ஸ்டு' என்று எடுத்துக்கொண்டு இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பது குரல். அது கழிந்து போகிறது. மோனோவில் பதிவான பழைய பாட்டு என்றால் ஏறக்குறைய முழுப் பாட்டும் மறைந்துவிடும். "பழைய பாட்டு இந்த மெஷினில் எடுக்காது" என்று சொல்லப்படும் மர்மம் பெரும்பாலும் இதுதான். ஒரு ஸ்டீரியோ பிளக் இரண்டு மோனோ பிளக்காகப் பிரியும் வயர் வாங்கி இரண்டு சேனலில் கொடுங்கள்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. இடது பக்கத்தை மட்டும் ஆம்புக்குக் கொடுத்தால் பழைய பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. 1980-களுக்குப் பிந்திய பாட்டில் கிட்டாரோ கோரஸோ பாதி காணாமல் போகும்.

வீட்டில் இரண்டையும் நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

முதலில் சத்தத்தைச் சமமாக்க வேண்டும். இன்றைய பாட்டின் சராசரி மட்டம் பழைய பதிவைவிட 8 முதல் 10 டெசிபெல் கூடுதலாக இருப்பது சாதாரணம். பத்து டெசிபெல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். சத்தம் கொஞ்சம் கூடுதலாக உள்ளதையே காது முதலில் 'நல்ல பதிவு' என்று நம்பும். அரை மணி நேரம் கழித்து அதே பாட்டை 'இரைச்சல்' என்று திட்டும். இரண்டு தீர்ப்புக்கும் பாட்டு பொறுப்பில்லை.

போனில் டெசிபெல் மீட்டர் செயலி ஒன்றை இறக்கி, உட்காரும் இடத்தில் வையுங்கள். அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், வித்தியாசத்தை மட்டும் நம்பலாம். இரு பாட்டிலும் பல்லவியை 30 விநாடி ஓட்டிச் சராசரி ஒரு டெசிபெலுக்குள் வரும்வரை ஒலியளவைத் திருத்துங்கள். பேஸ் பூஸ்ட், 'கச்சேரி அரங்கம்' போன்ற அலங்காரங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பாட்டை மாற்றும் வேலையை வேறொருவரிடம் கொடுத்து, கேட்பவர் தாளில் எழுதட்டும். ஸ்பாட்டிஃபை என்றால் ஒலியளவைச் சமன் செய்யும் வசதியை இயக்கினால் வேலை குறையும். யூடியூப் அதிகச் சத்தமானதைக் குறைக்கும், ஆனால் மெல்லியதை உயர்த்தாது. அதனால் அங்கே பழைய பாட்டு எப்போதும் நோஞ்சானாகவே தெரியும்.

அடுத்து, கேட்பது அசல் வேகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கேசட்டிலிருந்து ஏற்றியவை பல வேகமாக ஓடுகின்றன. சிலர் உரிமைச் சிக்கலிலிருந்து தப்பிக்கச் சுருதியையே மாற்றி ஏற்றுகிறார்கள். வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறும். நாலு நிமிடப் பாட்டு 14 விநாடி குறையும். நிறுவனம் வெளியிட்ட பதிவின் நீளத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். டி.எம்.எஸ். குரல் இளைத்துப் போனதாகத் தோன்றினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கேசட் இருக்கிறது. கேட்கலாமா, ஏற்றி வைக்கலாமா?

நம் ஊர் ஈரப்பதத்தில் கேசட்டுக்கு முதல் எதிரி பூஞ்சை. கண்ணாடி வழியாக நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் நல்ல டெக்கில் போடாதீர்கள். டெக்கின் தலையில் (நாடாவைப் படிக்கும் பகுதியில்) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். பொடி இல்லை என்றால் கடைசிவரை ஒருமுறை ஓட்டி, திரும்பச் சுற்றி இறுக்கத்தைச் சீராக்குங்கள். நாடாவைத் தலையில் அழுத்தும் சின்ன ஃபெல்ட் துண்டு உதிர்ந்திருக்கும். அது இல்லாமல் ஓட்டினால் சத்தம் ஏறி இறங்கும். திருகு போட்ட பழைய கேசட் ஒன்றின் கூட்டைத் திறந்து நாடாவை அதற்குள் மாற்றலாம்.

டெக்கின் தலையையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் பஞ்சு தொட்டுத் துடையுங்கள். உருளை காயும்வரை பொறுங்கள். தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். பாட்டை மோனோவில் கேட்டுக்கொண்டே அதைச் சிறிது சிறிதாகத் திருப்பி, சலங்கை ஓசையும் 'ச'காரமும் எங்கே தெளிவாக வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் ஏற்றிய கேசட் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதியை அணைத்து வையுங்கள், அட்டையில் அந்த அடையாளம் இருந்தால் தவிர. பதிவின் உச்சம் –6 டெசிபெலைத் தாண்டாமல், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஏற்றினால் நிமிடத்துக்கு 17 மெகாபைட் ஆகும். ஒரு மணி நேரம் ஓடும் சி-60 கேசட் ஒன்று ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் ஆகும்.

இரவுச் சந்தையில் வாங்கிய நகல் கேசட்டுகளில் அதிவேகமாக நகலெடுத்தபோதே டிரெபிள் போய்விட்டது. எந்த மென்பொருளும் இல்லாததைக் கொண்டுவராது. 'அந்தக் காலத்துப் பாட்டின் இதமான ஒலி' என்று பலர் சொல்வதில் ஒரு பங்கு இந்த இழப்புதான். அதே பாட்டை மூலப் பதிவிலிருந்து எடுத்த சிடியில் கேட்டால் வயலின் எவ்வளவு கூர்மையாக இருந்தது என்று தெரியும்.

கம்ப்யூட்டர் வந்துதான் இசை கெட்டதா?

கெடவில்லை, வேலை முறை மாறியது. முன்பு பாடகரும் முழு வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. அதனால் கூடத்துக்குள் நுழையுமுன் ஒவ்வொரு சுரமும் எழுதி முடிந்திருக்க வேண்டும். இடையிசை செழித்ததற்கு அந்தக் கட்டாயமும் ஒரு காரணம். இன்று இசையமைப்பாளர் ஒரு தாளத் துண்டை வைத்துக்கொண்டு மேலே கட்டிக்கொண்டே போகலாம். முடிவெடுப்பதைக் கடைசிவரை தள்ளிப் போடலாம். மெட்டு நீளாமல் நாலு சுரத்துக்குள் சுற்றுவது அதன் விளைவு.

வேகமும் உறைந்துவிட்டது. தட்டித் தட்டி வேகம் கணக்கிடும் செயலியில் 1960-களின் பாட்டு ஒன்றைத் தட்டிப் பாருங்கள்: பல்லவியில் நிமிடத்துக்கு 96 தட்டாக இருந்தது சரணத்தில் 99 ஆகியிருக்கலாம். இன்றைய பாட்டு 96-இல் தொடங்கி 96-இலேயே முடியும். அந்த மூன்றுதான் கேட்பவரை முன்னே இழுத்தது என்பது எங்கள் கட்சி. இளைய டிஜேக்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கு இரண்டு பாட்டை ஒட்டுவது சிரமம்.

பாடகரின் சுருதியைத் திருத்தும் மென்பொருளான ஆட்டோ டியூன் 1997-ல் வந்தது. அதன் திருத்தும் வேகத்தை பூஜ்யத்தில் வைத்தால் குரல் படிக்கட்டு ஏறும். அது வேண்டுமென்றே வைப்பது. மெதுவாக வைத்தால் பெரும்பாலோர் காதுக்குத் தெரியாது. 'ஆட்டோ டியூன் இல்லாத பாட்டு' என்று நீங்கள் மெச்சுவதிலும் அது இருக்கலாம்.

ஆய்வு கேட்பவர்களுக்கு ஒன்று: 1955 முதல் 2010 வரையிலான 4,64,411 மேற்கத்தியப் பதிவுகளைக் கணக்கிட்டு 2012-ல் வெளிவந்த ஆய்வில் சுர நகர்வுகளின் வகை குறைந்ததும், ஒலி நிறம் ஒன்றுபோல ஆனதும், சத்தம் கூடியதும் தெரியவந்தன. தமிழ்ப் பாட்டுக்கு அதை அப்படியே ஒட்டவைக்க முடியாது, ஆனால் காது சொல்வதும் ஏறக்குறைய அதுதான்.

பாட்டு ஏன் சுருங்கிவிட்டது?

ஸ்ட்ரீமிங்கில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு கணக்கு. ஆகவே கவரும் வரி முதலிலேயே வருகிறது, முன்னிசை சுருங்குகிறது, இரண்டாம் சரணம் போய்விடுகிறது. இதற்காக இந்தக் காலத்தை மட்டும் குறைசொல்ல முடியாது. 78 வேக இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம்தான் ஓடும். அன்றும் தட்டுக்காகப் பாட்டை வெட்டினார்கள்.

வரி புரியவில்லையே?

குரலும் இசையும் ஒரே உயரத்தில் கலக்கப்படுவது முதல் காரணம். பழைய கலவையில் குரல் தெளிவாக மேலே நிற்கும். உச்சரிப்பு இரண்டாவது: ழகரம் தெரியாத பாடகர் அன்றும் இருந்தார், ஆனால் கண்டிக்க ஆளும் இருந்தது. பாட்டை ஒருமுறை கேட்டு வரியை எழுதச் சொல்லுங்கள். எழுத முடிந்தபின் அதன் தரத்தைப் பேசலாம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 29 வயதில், 1959-ல் மறைந்தார். உழைப்பவன் பேச்சை அப்படியே பாட்டில் வைத்தவர். அவரை அளவுகோலாக வைத்தால் கண்ணதாசன் காலத்துப் பாட்டிலும் பாதி தேறாது.

மலேசியத் தமிழ்ப் பாட்டின் நிலை?

இங்கே 'பழையதே உயர்வு' என்ற வாதம் நிற்காது. பழைய காலத்தில் நம் தோட்டத் திருவிழா மேடைகளில் இசைக்குழுக்கள் வாசித்தது சென்னைப் பாட்டு. பினாங்கிலிருந்து வந்த ஆறுமுகம் சகோதரர்களின் 'அலிகேட்ஸ்' இசைக்குழு நாடு முழுவதும் புகழ்பெற்றது மலாய்ப் பாட்டால். அந்தக் குழுவுக்குக் குரல் தந்த லோகநாதன் 2007-ல் மறைந்தார். 1990-களின் பிற்பகுதியில் 'பொயட்டிக் அம்மோ' என்ற ராப் குழு வந்தது. 2006-ல் யோகி பி–நட்சத்திராவின் 'வல்லவன்' ஆல்பம், 1980-ல் வந்த இளையராஜா மெட்டு ஒன்றின்மேல் ராப் கட்டித் தமிழ்நாட்டிலும் ஒலித்தது. பாட்டு அங்கிருந்து இங்கே வருவதுதான் வழக்கம். இது எதிர்த்திசையில் போனது. அதற்குப் பிறகு சொந்தமாகப் பாட்டு எழுதிப் படுக்கையறையில் பதிவு செய்கிற பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்தில் உறுமி மேளம் அடிக்கும் இளைஞர்களின் கைத்தாளம் சினிமாவிலிருந்து வந்ததல்ல. இதைப் போனில் எடுத்த காணொளியில் கேட்டு 'இரைச்சல்' என்று எடைபோடாதீர்கள். போனின் மைக் உறுமியின் அடித்தொனியை எடுக்காது.

வயதானதால்தான் பழசு பிடிக்கிறதா?

ஓரளவு. 1989-ல் ஹோல்ப்ரூக், ஷிண்ட்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்தபோது, கேட்பவர்களுக்கு மிகவும் பிடித்த பாட்டுகள் அவர்களுடைய 23, 24 வயதை ஒட்டி வெளிவந்தவையாக இருந்தன. உங்கள் பிறந்த வருடத்தோடு 23-ஐக் கூட்டிப் பாருங்கள். இன்னொன்று காது: அறுபதுக்கு மேல் உயர்ந்த ஒலிகள் மங்கும். புதுப் பாட்டின் சலசலப்பும் மெய்யெழுத்துகளும் அங்கேதான் இருக்கின்றன.

கல்யாண விருந்தில் இரண்டு தரப்பையும் எப்படித் திருப்திப்படுத்துவது?

முந்தின நாளே எல்லாக் கோப்புகளையும் ஒரே மட்டத்துக்குச் சமன்செய்யும் செயலியில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பழைய பாட்டில் "சவுண்ட் வை" என்பார்கள், ஏற்றி வைப்பீர்கள், அடுத்த புதுப் பாட்டு மேசைக் கண்ணாடியை அதிரவைக்கும். விருந்தினர் வரும்போதும் சாப்பாட்டின்போதும் 70 டெசிபெல் அளவில் பழையது. பேச வேண்டியவர்கள் பேசலாம். ஆட்டம் தொடங்கும்போது நிமிடத்துக்கு 120-க்கு மேல் தட்டும் புதியது. பெரியவர்களின் மேசையைப் பேஸ் பெட்டிக்கு முன்னால் போட வேண்டாம் என்று மண்டபத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பேரப்பிள்ளைக்கு எந்தப் பழைய பாட்டை முதலில் போடலாம்?

சோகப் பாட்டு வேண்டாம். 1970-களின் கடைசியிலிருந்து 80-கள் வரையிலான இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனி மெட்டாக ஓடும். நல்ல ஹெட்போனில் அதை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். போன் ஸ்பீக்கரில் போட்டால் அந்தக் கிட்டாரே கேட்காது, பாட்டு தோற்கும். பதிலுக்குத் தாத்தா அவன் தரும் பாட்டையும் அதே ஹெட்போனில், டிரெபிளை இரண்டு புள்ளி ஏற்றிக் கேட்கட்டும். ஒரு மாலைக்கு ஆளுக்கு மூன்று பாட்டு போதும். அதற்கு மேல் போனால் டியூஷன் ஆகிவிடும்.